செருகி வைத்த கேரட்

மேனேஜர் ஏமாற்றியிருந்தால் தோட்டக்காரர் நாலு வசவு வைதுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். முதலாளி ஏமாற்றியிருந்தால், அது முதலாளிகளின் தொழில் என்று விட்டிருப்பார். அவர் ஏமாந்தது பல் டாக்டரம்மாவிடம். வாய் நிறைய 'அண்ணா' என்று கூப்பிடுகிற, கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனுஷியிடம். அந்த வயிற்றெரிச்சலுக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது, சொல்லுங்கள்.

அவர் வேலை பார்த்தது ஒரு பசுமை ஓட்டலில். வாசல் போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். கூரையில் சோலார் தகடு, அறையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் கண்ணாடிக் கூஜா, குளியலறையில் 'துண்டை இன்னொரு நாளும் பயன்படுத்துங்கள், பூமி வாழும்' என்று ஓர் அட்டை. இந்தக் கூத்தெல்லாம் எல்லா ஓட்டலிலும் வந்துவிட்டது. இங்கே மட்டும் இருந்தது பின்பக்கக் காய்கறித் தோட்டம். தங்க வருகிறவர்கள் காலையில் கூடையோடு போய் வேண்டியதைத் தாங்களே பிடுங்கலாம். மதியம் அதையே சமையல்காரர் சமைத்துத் தட்டில் வைப்பார்.

அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர்தான் நம்ம தோட்டக்காரர். எந்நேரமும் மண்ணுக்குள்ளேயே கிடப்பதால் சமையலறைக்காரர்கள் வைத்த பேர் மண்புழு. கட்டடம் கட்டி மிச்சமான ஜல்லியும் சிமெண்டுக் கட்டியுமாகக் கிடந்த இடம் அது. குனிந்து குனிந்து பொறுக்கியே இடுப்பு விட்டுப்போயிற்று. கேரட்டுக்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், கல் தட்டினால் வேர் பிளந்துகொள்ளும். முதல் அறுவடையில் பாதி அப்படித்தான் வந்தது. சமையல்காரர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "என்னண்ணே, கேரட் பேன்ட் போட்டுக்கிட்டு வந்திருக்கு!" என்று சிரித்தார். தோட்டக்காரர் முகம் செத்துவிட்டது.

அன்றைக்குத்தான் டாக்டரம்மா தன் கணவரோடு முதன்முதலாக வந்திருந்தார். அந்த இரண்டு கால் கேரட்டை வாங்கிப் பார்த்து, "இதாண்ணா அழகு! கடையில எங்க கிடைக்கும் இது?" என்றார். ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் எழுதினார்: 'இந்தத் தோட்டத்துக்காகவே இங்கே தங்குங்கள். மண்ணிலிருந்து நம் கையால் பிடுங்கிச் சாப்பிடும்போது மனசே சுத்தமாகிவிடுகிறது.' தோட்டக்காரரின் மகள் அதைப் போனில் வாசித்துக் காட்டினாள். மனுஷர் அதை எத்தனை தடவை வாசிக்கச் சொன்னார் என்று கேட்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அதற்கப்புறம் வருஷம் தவறாமல் டாக்டரம்மா வந்தார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு மற்றவர்களும் வந்தார்கள். நடுவில் பெரிய நர்சரி ஒன்றிலிருந்து தோட்டக்காரரைக் கூப்பிட்டார்கள். கூடுதல் சம்பளம், கீழே இரண்டு ஆள், குனிகிற வேலையே கிடையாது. இவர் போகவில்லை.

வீட்டுக்காரி சும்மா விடுவாளா? "வர்ற சீதேவியைக் காலால உதைக்கிறீங்களே, என்ன புத்தி இது?"

"அந்த டாக்டரம்மா என் கேரட்டுக்காக அவ்வளவு தூரம் வர்றாங்கடி."

"வந்து? உங்களுக்குக் கிரீடமா வைக்கப் போறாங்க?"

கிரீடம்தான். அதைச் சொல்லத் தெரியாமல் கை கழுவப் போய்விட்டார். தான் பாடுபட்டதை நின்று பார்த்து மதிக்கிற ஒரே ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்பது சின்ன விஷயமா? எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது?

நாலாவது வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. பாத்தியில் நின்ற தண்ணீர் வடிவதற்குள் கேரட் அத்தனையும் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. மண்ணைக் காயவைத்துப் புதிதாக விதைத்தார். அது முளைத்து விரலளவு இலை விட்டிருந்தபோது, மேனேஜர் மார்க்கெட்டிலிருந்து தழையோடு கேரட் கட்டுகள் வாங்கி வந்து இறக்கினார்.

"அண்ணே, இதை மண்ணுல செருகி வைங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? டாக்டரம்மா நாளைக்கு வர்றாங்க. நம்மகிட்ட நீச்சல் குளம் இருக்கா, கடல் இருக்கா? இந்தத் தோட்டத்தை நம்பித்தான் கூட்டமே வருது. அதுவும் காலியா இருந்தா நாம வெறும் லாட்ஜுண்ணே."

"தப்புங்க அது. மழையில போச்சுன்னு உண்மையைச் சொல்லிடலாம்."

"சொல்லுங்க. அவ்வளவு தூரத்துலருந்து ஆசையா வர்றவங்க மூஞ்சி வாடுறதை நீங்களே நின்னு பாருங்க."

அங்கேதான் மனுஷர் விழுந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சொலவடைக்குச் சரி. இவர் நிஜமாகவே உட்கார்ந்து குச்சியால் குழி போட்டு, ஒவ்வொரு கேரட்டாக இறக்கி, பளபளவென்று கழுவியிருந்ததன் மேல் சேறு பூசி, தழையை நிமிர்த்தி வைத்தார். கை கூசியது. தான் பொறுக்கிப் பொறுக்கிச் செய்த மண்ணுக்கே துரோகம் செய்வது போல இருந்தது.

டாக்டரம்மா வந்தார், கூடை நிறையப் பிடுங்கினார். மதியம் சாப்பிட்டுவிட்டு நேரே தோட்டத்துக்கே வந்து, "அண்ணா, நாலு வருஷத்துல இந்தத் தடவைதான் இனிப்போ இனிப்பு!" என்றார்.

தோட்டக்காரருக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. இது நான் விளைவிச்சது இல்ல. மார்க்கெட்ல வாங்கிச் செருகினது" என்று கண் கலங்கி எல்லாவற்றையும் கொட்டினார். இனி இந்த அம்மா என் முகத்தில் முழிக்க மாட்டார் என்றுதான் நினைத்தார். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றார்.

டாக்டரம்மா சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புத்தான்.

"அய்யோ அண்ணா, இதுக்கா அழறீங்க? எங்களுக்கு முதல் வருஷமே தெரியும். எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, 'விடியக்காலைல கொண்டுவந்து செருகிடுவாங்க, எல்லா ஓட்டல்லயும் இதான்'னு."

"இல்லம்மா! இந்த ஒரு தடவைதான். முன்னாடியெல்லாம் நானே..."

"சரிண்ணா, சரி."

"அந்த ரெண்டு கால் கேரட்டு? அதுகூடவா?"

"அதுதான் பிரமாதம்! கோணலாப் பொறுக்கி வச்சா நம்புவாங்கன்னு யாருக்குத் தோணும்? அன்னைக்கே உங்க மூளையை நாங்க மெச்சிக்கிட்டோம்."

தோட்டக்காரர் விடவில்லை. "அப்ப எதுக்கும்மா வருஷா வருஷம் வர்றீங்க?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "வருஷம் பூரா காரு, ஏசி, கண்டதையும் வாங்கித் தூக்கிப் போடுறோம். ஒரு நாலு நாள் நல்லவங்களா இருந்துட்டுப் போனா மனசுக்கு நல்லா இருக்கு. கேரட்டு எங்க விளைஞ்சா என்னண்ணா?"

என்னவா? இடுப்பு போயிற்று, நர்சரி வேலை போயிற்று, வீட்டில் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? மேனேஜர் கேட்டது ஒரு பொய்தான். இந்த அம்மா மொத்த வருஷங்களையும் பொய்யாக்கிவிட்டு, கூடவே பாராட்டும் கொடுத்தார். 'நிஜம்' என்று இவர் சத்தியம் செய்யச் செய்ய, அவர் குழந்தைக்குத் தலையாட்டுவது போல ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவர்கள் கிளம்பும்போது தோட்டக்காரர் பிடிவாதமாக டாக்டரம்மாவைப் புதுப் பாத்திக்குக் கூட்டிப்போனார். பூப்போல இலை விட்டிருந்த நாற்றில் ஒன்றை மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கினார். கீழே நூல் மாதிரி வேர், அதில் கேரட் நிறம் அப்போதுதான் லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. ஈர மண் ஒட்டியிருந்தது. அதை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

டாக்டரம்மா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு மனசாரச் சொன்னார்:

"எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க அண்ணா! அப்படியே நிஜ வேர் மாதிரியே இருக்கு."