ஸ்கொட்லாந்துக்காரரின் வீடும் குசினி வாசலில் நின்ற மாமியும்

ரொறொன்ரோ நகர நடுவில், ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் கட்டிய பழைய செங்கல் வீடு இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். அங்கே போகப்போவதாக யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நவம்பர் சனிக்கிழமை. மனைவியின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம். நகர ஓரத்து அஜின்கோர்ட்டில், ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில் இருந்தோம். மாமி கடுகு தாளித்தால் புகை அலாரம் கத்தும், மேல்வீட்டுக்காரர் காலால் தரையை இடிப்பார். மாமி தாளிப்பதையே விட்டுவிட்டார். அந்தப் பழைய வீட்டில் விறகடுப்பு எரியும் குசினி இருக்கிறது என்றேன். வந்த நாளிலிருந்து எதுவுமே கேட்காத மனுசி, "தம்பி, அதை ஒருக்காக் காட்டுவீங்களோ?" என்றார்.

பஸ், பிறகு சப்வே, ஒன்றரை மணித்தியாலம். நுழைவுச்சீட்டு ஆளுக்கு மூன்றரை டொலர்.

வீடு அழகு, அதில் மறுபேச்சில்லை. நடுவில் கதவு, அதன் மேல் விசிறி விரித்த மாதிரிக் கண்ணாடி, இரு பக்கமும் அளவு பிசகாத ஜன்னல்கள். பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் பொய். உள்ளே புகைபோக்கி போகிற இடமாம். வரிசை கெடக்கூடாதென்று வெறும் சுவரில் சட்டமும் பலகையும் மாட்டியிருக்கிறார்கள்.

வாசலில் மாமி சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். வீடென்றால் வேறென்ன செய்வது? வழிகாட்டிப் பெண் பதறிப்போய்ப் போடச் சொன்னார். மாமியும் போட்டுக்கொண்டு, கம்பளத்துக்கு நோகுமோ என்று நுனிக்காலில் நடந்தார். ஸ்கொட்லாந்தில் குடும்பக் காணி பறிபோய்க் கப்பலேறி வந்தவர், விட்டு வந்த நகரத்து வீடுகளின் சாயலில் இதைக் கட்டினார் என்று அந்தப் பெண் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "பாவம்" என்றார் மாமி. அவருடைய வீடு ஷெல் விழுந்து இடிந்துபோய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

குசினி நிலத்தடியில். அதன் வாசலில் மாமி திரும்பவும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி மறித்தார். சப்பாத்தில்லாமல் உள்ளே விட முடியாது, காலில் நெருப்புப் பட்டால் என்று காப்புறுதி விதியாம். தடித்த காலுறை இருக்கிறது, அடுப்புக்குத் தூரத்தில் நிற்கட்டும் என்று மன்றாடினேன். முடியாதாம்.

"சப்பாத்தோட குசினிக்குள்ள போக என்னால ஏலாது, தம்பி. நீங்கள் பாத்திட்டு வாங்கோ."

அவர் படியில் நின்றார். அங்கிருந்து அடுப்பு தெரியாது, புகை மட்டும் மணக்கும். தெருச் சேறு அப்பிய சப்பாத்துகளோடு மற்றவர்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். சுடச்சுட ஓட்ஸ் ரொட்டி கொடுத்தபடி, வந்தவரை ஸ்கொட்லாந்துக்காரர் வாசலில் நிற்க வைக்கமாட்டார் என்று அந்தப் பெண் பெருமை பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொட்டியை வாங்கவில்லை.

போகிறவர்கள் சனிக்கிழமை போங்கள், அன்றுதான் அடுப்பு மூட்டுவார்கள். அம்மாமாரைக் கூட்டிப்போனால், தெருவை மிதிக்காத புதுச் சப்பாத்து ஒரு சோடி பையில் இருக்கட்டும். குசினி வாசலில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு குசினியைப் பார்க்க இவ்வளவு பாடு!

வெளியே வந்தபோது, வாசல் கல்லில் பதித்திருந்த இரும்புத் தகட்டை மாமி கண்டார்.

"உது என்ன, தம்பி?"

"சேறு வழிக்கிறது, மாமி. அந்தக் காலத்தில சப்பாத்தை உதில தேச்சுத் துப்புரவாக்கினாத்தான் உள்ள விடுவினமாம்."

மாமி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப, வீட்டுக்காரி இருந்திருந்தா என்னை உள்ள விட்டிருப்பா."