அண்ணி படித்த கடைசி வரி

என் அண்ணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளியை உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, எத்தனை வரி தெரிகிறது என்று சீட்டில் எழுதுவார். பத்தொன்பது வருடமாக அதே அறை, அதே பலகை. டாக்டர்கள்தான் மாறினார்கள். அண்ணன் போன பிறகு இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

வாய் சும்மா இருக்காது. பயந்து வருகிறவர்களுக்குப் பாடமே நடத்திவிடுவார். "கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கு. வெளிச்சம் அதுல பட்டு வளைஞ்சு, நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம், அந்தப் பாப்பா வழியா உள்ள போகும். வெயில்னா பாப்பா சுருங்கும், இருட்டுன்னா விரியும். அப்புறம் லென்ஸ் அந்த வெளிச்சத்தைக் கூட்டிப் பின்னாடி திரையில தலைகீழாப் போடும். நிமித்தறது மூளையோட வேலை."

இந்த வருடம் பட்டப்பகலில் எதிரே வந்த என்னைக் கண்டுகொள்ளாமல் போனார். சாயங்காலம் தூரத்திலேயே அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"பகல்ல மட்டும் கர்வமா அண்ணி?"

"வெயில் கூசுதுடி."

போன மாதம் மத்தியானத்தில் படி தெரியாமல் உருண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டினா என்ன?"

"திங்கக்கிழமை தவறாம நானே பார்த்துக்கறேன். ரெண்டு கண்ணுலயும் கடைசி வரி வரைக்கும் தெரியுது. சீட்டுகூட இருக்கு."

விடுவேனா? அவர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமே இழுத்துக்கொண்டு போனேன். இடது கண்ணை மூடிக்கொண்டு அண்ணி அதே பலகையைக் கடைசி வரி வரை மடமடவென்று படித்தார்.

"அஞ்சாவது வரியைப் பின்னாலேருந்து படிங்க அக்கா," என்றார் டாக்டரம்மா.

மனதுக்குள் முன்னாலிருந்து சொல்லிப் பார்ப்பது அண்ணியின் உதட்டில் தெரிந்தது. பத்தொன்பது வருடப் பலகை மனப்பாடமாகியிருந்தது.

ஒவ்வொரு வரியாகப் பின்னாலிருந்து கேட்டதில் மேலே மூன்று வரிதான் தேறியது. டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் நடுவுல மங்கியிருக்கு. வெயில்ல பாப்பா சுருங்கினா, வெளிச்சம் அந்த மங்கல் வழியாத்தான் போகணும். சாயங்காலம் விரியறதால ஓரமா வழி கிடைக்குது."

"திரை?" என்றார் அண்ணி.

"நல்லா இருக்கு. லென்ஸை மாத்திடலாம். வேலையும் எங்கயும் போகாது."

எனக்கு உயிர் வந்தது. அண்ணி முகம் மாறவே இல்லை. சீட்டை வாங்கி, "வலது கண், மூன்று வரி" என்று தன் கையாலேயே எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் பொய் சொல்லலைடி. ஒவ்வொரு வாரமும் எனக்கு நிஜமாவே தெரிஞ்சுது."