கழுத்து வரைக்கும் பெட்ரோல்

சித்தூரில் துலுக்காணத்தை விடக் கெட்டிக்கார டிரைவர் கிடையாது. இதை அவரும் சொல்லிக்கொள்வார், மனைவி பத்மினியும் தெரு முழுக்கச் சொல்வாள். மாந்தோப்புக் கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தக் கார் வாங்கியவர் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கெட்டிக்காரத்தனம் எதில் என்றால், ஆந்திரா பக்கம் ஒரு சொட்டு பெட்ரோல் போடமாட்டார். வேலூர் ரோட்டில் எல்லையைத் தாண்டினால் லிட்டருக்கு எட்டு ரூபாய் குறைவு. சித்தூர் வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். மற்றவர்கள் குழாய் தானாக நின்றதும் மூடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி போடச் சொல்வார். கழுத்து வரைக்கும் பெட்ரோல் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் மனசு ஆறும். அப்படி மூன்று லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும்.

அவர் பிழைப்பு ஒரே ஒரு வாடகையை நம்பி இருந்தது. திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் வெங்கடராகவன், வியாழன்தோறும் மனைவி பெருந்தேவியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். கார் தவணை அந்தப் பணத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம். முன்னால் மீட்டரில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வேறு எரிந்தது. மருந்தின் வேகத்தில் ஏற்கெனவே குமட்டலோடு வரும் அம்மாள், காட்பாடி வருவதற்குள் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். அடுத்த வியாழனுக்குள் சரியாகவில்லை என்றால் வேறு வண்டிதான் பார்க்கணும் என்று வெங்கடராகவன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

துலுக்காணம் ஆடிப்போனார். தெரு மெக்கானிக் ஒருவன் டேங்க் மூடியை மாற்றி அறுநூறு வாங்கினான். இன்னொருவன் ஒரு டியூபை மாற்றி ஆயிரத்து நூறு வாங்கினான். நாற்றம் அப்படியே இருந்தது. தெரியாது என்று சொல்ல மட்டும் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் திருப்பதி ஷோரூமுக்குப் போனார்.

அங்கே முரளி என்ற சூப்பர்வைசர் வண்டியை மேலே ஏற்றிக் காட்டினான். டேங்க் பக்கத்தில் கரி நிரப்பிய டப்பா ஒன்று. பெட்ரோல் ஆவியை அது பிடித்துவைக்கும். அதற்குக் காற்று விடச் சின்னதாக ஒரு வால்வு. ஆவி போகிற இடத்தில் பெட்ரோலே போய், கரி ஊறி, வால்வு அடைத்துக்கொண்டிருந்தது. வால்வு மட்டும் என்றால் இரண்டாயிரத்துச் சில்லறைதான். கரி கெட்டுப்போனதால் டப்பாவோடு மாற்ற வேண்டும். வரி, கூலி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்து எண்ணூறு.

"ஆட்டோ கட் ஆனதுக்கப்புறமும் பெட்ரோல் போடுவீங்களா அண்ணா?" என்று முரளி கேட்டான்.

"எல்லாருந்தான் போட்டுக்கினு இருக்காங்க" என்றார் துலுக்காணம். அது பொய்.

மூன்று லிட்டருக்கு இருபத்துநாலு ரூபாய் லாபம். அப்படி எழுநூறு தடவை ஆட்டி ஆட்டிப் போட்டால்தான் இந்தப் பணம் வரும். கார் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை; ஆனாலும் இந்தக் கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. கம்மலுக்கென்று பத்மினி கட்டிவந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். என்ன கோளாறு என்று அவள் கேட்டதற்கு, கம்பெனிக்காரன் மட்டமாகச் செய்து வைத்திருக்கிறான் என்றார்.

வியாழன் விடியும்போது வெங்கடராகவன் வீட்டு வாசலில் பேட்டரி கார் ஒன்று நின்றது.

"தப்பா நினைச்சுக்காதேப்பா. பெட்ரோல்னாலே அவளுக்குப் பயமா இருக்கு. பிரஹ்லாத்தான் இதை மாசத்துக்குப் பேசிட்டான்" என்றார் அவர். பிரஹ்லாத் அவர் மகன்.

"இப்ப நாத்தமே இல்ல சாமி. ஒரு தபா உள்ள ஒக்காந்து பாருங்க" என்று துலுக்காணம் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பெருந்தேவி வெளியே வந்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, திறந்த கதவைத் தாண்டிப்போய் அந்தக் காரில் ஏறினார்.

வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிய வண்டியைப் பார்த்ததுமே பத்மினிக்குப் புரிந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அறுபது ரூபாய்க்குப் பூசணிக்காய் வாங்கிவந்து கற்பூரம் ஏற்றினாள்.

"நாங்க துன்னுற சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் எவனோ, அவன் கை வெளங்காம போவ" என்று சபித்துக்கொண்டே வண்டியைச் சுற்றினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. துலுக்காணம் மூன்று சுற்றும் முடிகிறவரை வண்டிப் பக்கத்தில் நின்று அத்தனை சாபத்தையும் வாங்கிக்கொண்டார்.