எழுந்தால் மஞ்சள்

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாகச் சுற்றிக்கொண்டே இருப்பாள். கோப்புகள் கணினிக்குள் போனபின் அவளையும் ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். விண்ணப்பங்களை இயந்திரமே படித்துவிடும். அதற்குப் புரியாததை மட்டும் அவள் சரிபார்க்க வேண்டும். இடத்தைவிட்டு எழுந்தால் திரை ஓரத்துப் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சள் கூடினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

"உக்காந்த இடத்துல சம்பளம். உனக்கென்ன குறைச்சல்?" என்பாள் நாத்தனார்.

இடுப்பில் முதலில் ஊசி குத்தியது. பிறகு, குனிந்தால் நிமிர முடியவில்லை. தண்ணீர் குடித்தால் எழ வேண்டிவருமே என்று பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவனிடம்கூட மூச்சுவிடவில்லை. மருத்துவரிடம் போ என்பான். விடுப்பு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

ஒரு மாலை எல்லோரும் கிளம்பும்போது அவளும் எழப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று இழுத்தது. ஏதோ தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்து மூடினாள். பக்கத்து இருக்கைக்காரி நின்றுவிட்டாள்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்லக்கா, நீங்க போங்க."

"வேர்த்துக் கொட்டுது, ஒண்ணுமில்லங்கிற? இடுப்பா?"

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. வேலை போயிடும்."

"சொல்லாம உன்னை எப்படித் தூக்குறது? நான் என்ன கிரேனா?" என்று காவலாளியைக் கூப்பிட்டாள் அவள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து தசைதான் இறுகிப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். "மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான். அடிக்கடி எழுந்து நடங்கம்மா."

மாத்திரையைவிட அந்தச் சொல்தான் அவளுக்குக் கசந்தது. இருந்தாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மேலாளரிடம் நீட்டினாள்.

"மேல அனுப்பிடுறேம்மா. என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார் அவர்.

அன்று முற்பகல் எழுந்து சன்னல்வரை நடந்தாள். புள்ளி மஞ்சளானது. பின்னாலேயே பக்கத்து இருக்கைக்காரியும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தாள்.

"எனக்கும் முதுகு இருக்குல்ல? நட, சேர்ந்தே மஞ்சளாவோம்."

இடுப்பு இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. மேலிருந்து பதில் வரவில்லை. மேசைத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்கிறது. எடுத்துப் பேசி வைத்துவிட்டு, அவள் மறுபடி எழுந்து நடக்கிறாள்.