மணியோடு சேர்ந்த காந்தாரம்

இன்று காலை பூஜை மணியைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெண்கலமும் புளியும் கலந்த அந்த வாடை விரலில் ஏறியதுமே காஞ்சிபுரத்துப் பாத்திரக்கடை ஞாபகம் வந்துவிட்டது. என் முதல் வேலை அங்கேதான். வேலை என்ன, தேய்ப்பதுதான். இன்றைக்கும் எனக்கு உருப்படியாகத் தெரிந்த கைத்தொழில் அது ஒன்றே.

என்னோடு வேலை பார்த்த முருகேசன் மணி விற்பதில் மன்னன். கோயிலுக்கு ஜோடி மணி வாங்க வருகிறவர்கள் எடை பார்ப்பார்கள். "எடைய உடுங்கண்ணா. ரெண்டயும் ஒண்ணா அடிச்சுப் பாருங்க. இல்லாங்காட்டி மாமியா மருமவளாட்டம் கத்திக்கினே இருக்கும்" என்பான். அடித்துவிட்டுக் காதை வைத்தால் ஒரு மணிக்குள்ளேயே பல ஒலிகள் கேட்கும். தம்புராத் தந்தியிலும் பல ஒலிகள் உண்டு. அவை வரிசையாக நிற்கும். மணிக்குள் இருப்பவை தமக்குத் தோன்றிய இடத்தில் நிற்கும். அதனால் தம்புராவோடு சேரும் காந்தாரம், அந்த 'க' சுரம், மணியோடு சேராது. அநேக மணிகளுக்குக் கொஞ்சம் இறக்க வேண்டும். இது புத்தகத்தில் படித்ததல்ல. தேய்த்த மணிகளை அடித்து அடித்துக் கேட்டது.

இவ்வளவு தெரிந்தவன்தான் போன மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் கோயில் மண்டபத்தில் நடந்த பாட்டுப் போட்டியில் பாடினாள். பாதியில் பூஜை மணி அடிக்கத் தொடங்கியது. சுருதிப்பெட்டி அதில் அமுங்கிப்போயிற்று. பிள்ளையின் காது மணிக்குப் போக, குரலும் காந்தாரத்தை இறக்கி அதோடு போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவ்வளவு சரியாகச் சேர்ந்தது. நடுவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மைக்கைப் பிடித்து, "சுருதி எங்கியோ, நீ எங்கியோ. காது கேக்குதாமா உனக்கு?" என்றார். கூட்டம் சிரித்தது. கேட்கத் தெரிந்த காதையே அந்த ஆள் பழித்தார். மணியை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மணி, சுருதிப்பெட்டி இரண்டோடும் ஒருசேர எந்தக் குரல் சேரும்? எழுந்து இதைக் கேட்டிருக்க வேண்டிய நான், பெரிய மனிதர் முகத்தைப் பார்த்து, கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவைத்தேன்.

ஐயம்பேட்டை வீட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர உடு. நீ ஏம்பா சிரிச்ச?"

முன்பெல்லாம் குக்கர் விசில், மாவு மில், பஸ் ஹாரன் என்று எது ஒலித்தாலும் பின்னாலேயே அதே சுருதியில் அவள் முனகல் வரும். 'சும்மா இருடி' என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறேன். இன்று தேய்த்து முடித்த மணியை வேண்டுமென்றே ஓங்கி அடித்தேன். உள்ளறையில் அவள் புத்தகத்தோடு இருந்தாள். மணி ஓயும்வரை அந்த முனகலுக்குக் காத்திருந்தேன். அவள் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.