நூற்று நாற்பத்தைந்து போட்ட வகுத்தல்

நூற்று நாற்பத்தைந்து என்பது ஒரு பெண்மணியின் பட்டப்பெயர். இரும்புச் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் அவரைக் காவலாளி முதல் மேலாளர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கம்பி தாங்கும் இழுவையை அளக்கும் அலகான மெகாபாஸ்கல் ஒன்று என்றால் சதுர அங்குலத்துக்கு நூற்று நாற்பத்தைந்து பவுண்டு. மற்றவர்கள் கால்குலேட்டரைத் தேடி இழுப்பறையைக் கிளறுவதற்குள் அவர் விடையைச் சொல்லிவிடுவார்.

கூடத்தின் நடுவே இரண்டு ஆள் உயர இயந்திரம். கம்பியின் இரு முனைகளையும் கவ்வி, அறும்வரை இழுக்கும். பழசு, திரையில் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற கணக்குதான் வரும், அதுவும் ஆயிரத்தில். கட்டுமானக்காரர்கள் கேட்பதோ சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று. ஆனால் வாய் திறந்து அலகைச் சொல்லும் வழக்கம் யாருக்கும் இல்லை. "அம்பது கம்பி", "அறுபது கம்பி", அவ்வளவுதான்.

அன்று காலை வந்தவை தொங்குமேடைக் கம்பிகள். பதினெட்டு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் அந்த மேடையில் நிற்பார்கள். சீட்டில் "50" என்று இருந்தது. மேலாளரே ஒரு மாதிரியை இழுத்துப் பார்த்தார். திரையில் 62.

"அம்பது கேட்டாங்க, அறுபத்திரண்டு இருக்கு. தாராளம்!" கையெழுத்துப் போட்டார். லாரி கிளம்பியது.

நகல் எடுக்க வந்த நூற்று நாற்பத்தைந்து, சீட்டைப் பார்த்து அப்படியே நின்றார். அந்த மேடையில் மதியம் ஏறப்போவது அவருடைய தம்பி.

"சார், திரை பவுண்டுல சொல்லுது. அவங்க கேட்டது கிலோ. அறுபத்திரண்டாயிரத்தை நூத்திநாப்பத்தஞ்சால வகுத்தா நானூத்தி இருபத்தேழு மெகாபாஸ்கல். அதை ஒம்போது புள்ளி எட்டால வகுத்தா கிலோவுல நாப்பத்திமூணரை. அம்பது எங்க இருக்கு?"

மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். "சரிம்மா, ஆறு கிலோதானே குறையுது? அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

நூற்று நாற்பத்தைந்து அறுந்த கம்பியை எடுத்து மேசையில் நிறுத்தினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம். அதில் ஒரு சதுர மில்லிமீட்டர் என்பது கடுகு உட்கார்ந்தால் பிதுங்கும் இடம். அந்த இடத்து இரும்பு ஓர் ஆளைத் தாங்கும். அப்படி நூற்றுப் பதின்மூன்று இடங்கள் அந்த நகத்தளவுக்குள். ஒரு கல்யாணக் கூட்டமே அதில் தொங்கலாம்! இத்தனை வருடத்துக்குப் பிறகும், கம்பி அறும் நொடியில் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

"ஒவ்வொரு இடத்துலயும் ஆறு கிலோ குறையுது சார். பெருக்கிப் பாருங்க. எழுநூறு கிலோ கிட்ட வரும். மேடை, ரெண்டு ஆளு, பெயின்ட் டப்பா எல்லாம் சேர்ந்த எடை அது."

மேலாளர் பெருக்கவில்லை. லாரி ஓட்டுநரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். நூற்று நாற்பத்தைந்து அதற்குள் தம்பியைப் போனில் அழைத்துவிட்டார்.

"டேய், மேடையில ஏறாத."

"ஏன்க்கா, கெட்ட கனவு கண்டியா?"

"வகுத்தல் போட்டேன்டா."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "சரிக்கா. சேஃப்டி பெல்ட்டக் கழட்டிட்டேன்."

நான்கு மணிக்கு லாரி கம்பிகளோடு திரும்பியது. புதியவை வியாழக்கிழமை வரும். அதுவரை தம்பிக்குத் தரைத்தளத்துக் கதவுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலை.