துணிக்கொடியில் பிடித்த வானொலி

சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்த பழுப்பு டேப்பின் பசை ஆகஸ்ட் வெயிலில் இளகி, வீடு முழுவதும் ஒரு புளித்த நெடி பரவியிருந்தது. ஈராக் படைகள் குவைத்தைப் பிடித்த கோடை அது. அங்கே ஃபஹாஹீல் என்னும் ஊரில் மூன்றாவது மாடியிலிருந்த எங்கள் வீட்டில் சன்னலைத் திறக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, படியிறங்கக்கூடாது என்று அப்பா கட்டளையிட்டிருந்ததால், பதினொரு வயதுப் பெண்ணான எனக்குக் கூடத்திலிருந்து அடுக்களை வரைக்கும்தான் உலகம். ஊருக்குப் பேசும் தொலைபேசி செத்துவிட்டது; விமான நிலையம் மூடிக்கிடந்தது. எண்ணெய் ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, போக இடமின்றி, ஏரியல் ஒடிந்த வானொலிப்பெட்டியைக் காதோடு அணைத்தபடி உட்கார்ந்திருப்பார். சிற்றலையில் "கொர்"ரென்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது.

அம்மா திருநெல்வேலியில் இயற்பியல் படித்தவர். கல்யாணத்துக்குப் பின் அந்தப் படிப்பைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. ஒரு காலையில் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை இரண்டு முனையிலும் நறுக்கி, வானொலிக்கு ஏரியலாகப் பால்கனியில் கட்டப் புறப்பட்டார்.

"கம்பியப் பாத்தா உளவாளின்னு புடிச்சிட்டுப் போயிருவானுங்க" என்றார் அப்பா.

"துணியப் போட்டா அது கொடிதானங்க."

"இந்த வயருக்கு டில்லி கேட்டுருமாக்கும்."

"ஒரு இத்தாலிக்காரரு பட்டத்துல கம்பியக் கட்டிப் பறக்கவிட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் தட்டுன மூணு தந்திப் புள்ளியக் கேட்டாரு. பூமி உருண்டை, அலை நேராப் போயி வானத்துல தொலைஞ்சிரும்னு படிச்சவங்கதான் சொன்னாங்க."

அலைகளைத் திருப்பியனுப்பும் ஓர் அடுக்கு மேலே இருக்கவேண்டும் என்று வேறு இருவர் பிறகுதான் தனித்தனியே ஊகித்தார்கள் என்பதையும், ஒன்றுக்கும் உதவாதென ஒதுக்கப்பட்ட சிற்றலைகள் கண்டம்தாண்டும் என்று காட்டியவர்கள் பொழுதுபோக்குக்காக வானொலிப்பெட்டி கட்டியவர்கள்தான் என்பதையும் வளர்ந்தபின் படித்தேன். அந்த இத்தாலியர் கேட்டது புள்ளிகளையா வெறும் இரைச்சலையா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

அன்று மதியமே படிகளில் பூட்ஸ் சத்தம். கட்டடக் காவலாளியை முன்னால் தள்ளிக்கொண்டு இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவன் நேரே பால்கனிக்குப் போய் வயரைக் கையால் பிடித்தான். அம்மா ஈரப் புடவையும் கையுமாக அசையாமல் நின்றார். அவன் கொடியில் கிடந்த துண்டை உருவி, முகத்து வியர்வையைத் துடைத்து, திரும்பப் போட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துப் போனான். அப்பா வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாயும் வேளையில் இரைச்சலுக்குள் தமிழ்ச் செய்தி மாதிரி ஏதோ வந்தது. உடைந்து உடைந்து, புயலில் யாரோ கூப்பிடுவதுபோல.

"அம்மானாம்" என்றார் அம்மா.

"யாரு அம்மான்?"

"ஜோர்டான்ல இருக்க ஊருங்க. அங்கேருந்து நம்மாளுகளுக்கு விமானம் விடுறாங்களாம்."

அப்பாவுக்கு இரைச்சல்தான் கேட்டது. "நெசமாக் கேட்டியா, கேட்ட மாதிரி இருந்துச்சா?" என்றார். மறுநாளும் அம்மாவுக்கு மட்டுமே கேட்டது. பக்கத்து வீட்டார், பாலைவனத்தில் பிள்ளையோடு மாட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்கள். அப்பா டேப் ஒட்டிய சன்னலையே பார்த்திருந்துவிட்டு, "பெட்டியக் கட்டு" என்றார்.

பஸ்ரா, பாக்தாத் என்று பேருந்து மாறிப் போனோம். ஜோர்டான் எல்லைக் கூடாரத்தில் தண்ணீருக்கும் வரிசை, கழிப்பறைக்கும் வரிசை. பெரியதொரு அறையில் மறுபடி அடைபட்டதுபோல இருந்தது. அங்கே அப்பா அம்மாவிடம் பேசவேயில்லை. அம்மானில் எங்களுக்கான விமானத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான், "ஒனக்குக் கேட்டிருக்கு" என்றார்.

இப்போது நான் துபாயில் இருக்கிறேன். சிற்றலை ஒலிபரப்புகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. போன குளிர்காலத்தில் வேலையாகக் குவைத் போனபோது ஃபஹாஹீலுக்கும் போனேன். எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. வருத்தப்படுவாரோ என்ற தயக்கத்தோடு, ஊரில் இன்றும் கதவு சன்னலெல்லாம் தாழிட்டே தூங்கும் அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

கட்டடம் போய்விட்டதைச் சொன்னேன். "இடிச்சிட்டாங்களா? நல்லது. இன்னிக்குக் கதவத் தொறந்து வச்சிட்டுத் தூங்குதேன்" என்றார்.